ஓலைக் கிலுக்கு

அத்தான்,

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டேன். உடன்குடி பஸ்ஸில் உங்கம்மா வருவார்கள். சீலா மீன் குழம்பு வைத்திருக்கிறேன், சோறு மட்டும் வடித்துவிடுங்கள்.

ஸ்டெபிப் பாப்பாவின் பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி மாடியில் காயவைத்திருக்கிறேன். துணிக்கரடி கொடியில் கிடக்கிறது. பாப்பா எல்லாவற்றையும் வாயில் வைக்கிறாள். உங்கம்மா கை கழுவாமல் ஒன்றையும் தொடக் கூடாது.

போன தடவை அவர்கள் பாப்பா ஆட்டி விளையாடப் பனையோலையில் முடைந்து கொண்டுவந்த கிலுக்கை நான்தான் வெந்நீரில் கொதிக்கவிட்டேன். பிரிந்துபோயிற்று, குப்பையில் போட்டேன். கேட்டால் பாப்பா பிய்த்துவிட்டாள் என்று சொல்லுங்கள். இன்றைக்கும் ஒன்று கொண்டுவந்தால், பானை அடுப்படியில்தான் இருக்கிறது.

ஹெப்சிபா

பின்குறிப்பு: நேற்று அக்கம்பக்கம் கேட்கக் கத்தினீர்களே, “பிள்ள வளக்க எங்கம்ம வெந்நியா போட்டா? நாலு பேர ஆளாக்கலியா?” என்று. ஆளாக்கியது நாலு பேரை, பெற்றது ஐந்து. கடைசித் தங்கச்சி வயிற்றுப்போக்கில் போனதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அந்தப் பிள்ளை வாயில் என்ன வைத்திருந்தது என்று உங்கம்மாவிடமே கேளுங்கள்.

சாப்பிட்டு முடித்த பிறகு கேளுங்கள். சீலா மீன் வீணாகிவிடும்.