தபாலில் வந்த பக்குவம்

பிப்ரவரி 9

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உங்கள் நலத்தை விசாரிப்பது மரியாதை, அதனால் விசாரிக்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தைக்கே நமக்குள் சண்டை மூண்டுவிடுகிறது. இப்போது உங்களிடம் போனும் இல்லை என்று உங்கள் தங்கை சொன்னாள். ஒரு விதத்தில் நல்லதுதான். காகிதத்தில் யாரும் கத்த முடியாது.

நான் வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில் வாரா வாரம் இலவசமாக உணவுப் பெட்டி கொடுக்கிறார்கள். புண்ணியவான்கள் கொடுப்பது, கடைகளில் விற்காமல் தங்கியது எல்லாம் கலந்து வரும். முதல் வாரம் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். மழையே இல்லை. எனக்கு முன்னால் நின்ற இன்னொரு குடைக்குள் நம் மாடி வீட்டு அக்கா இருந்தார். இரண்டு பேரும் குடையை மடக்கிவிட்டோம்.

இந்த வாரம் பீன்ஸ் டப்பாக்கள், இரண்டு பீட்ரூட், கல் மாதிரி காய்ந்த ரொட்டி. பெரியவள் எதைக் கொடுத்தாலும் தின்றுவிடுவாள். சின்னவன்தான் வாயில் வைக்க மாட்டேன் என்கிறான். நீங்கள் ஓட்டல் அடுப்பிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். எனக்குக் கையில் ருசி இல்லை என்று விருந்தாளிகள் முன்னால் நான் சமைத்ததைக் குப்பைத்தொட்டியில் கொட்டியவர். நான் அதை மறக்கவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், இதையெல்லாம் வைத்து என்ன செய்யலாம்? அவனுக்காகத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
பெரியவளின் அம்மா

•

பிப்ரவரி 17

சின்னவனின் அம்மாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று பயந்துபோனேன். படித்த பிறகு சிரித்தேன். அந்தக் குடை விஷயத்தை என்னோடு அறையில் தங்கியிருக்கும் லாரி டிரைவரிடம் சொன்னேன். அவனும் சிரித்தான். இங்கே ஓட்டலில் என்னை வேலை வாங்கிப் பிழிந்தெடுக்கிறார்கள், மற்றபடி குறை இல்லை.

இப்போது கவனமாகக் கேள். பீன்ஸை டப்பாத் தண்ணீரோடு கொட்டாதே. நன்றாக அலசி மசித்துக்கொள். ரொட்டியைக் கையால் நொறுக்கி அதில் பிசை. பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து சேர்த்தால் நிறம் வரும். வெங்காயத்தை எண்ணெயில் போட்டால் முதலில் படபடவென்று சத்தம் போடும். சத்தம் அடங்கி ஓரம் பழுப்பானதும் இறக்கிக் கலந்துவிடு. பிறகு உருட்டித் தட்டி, தோசைக்கல்லில் போட்டு எடு. தானாகக் கல்லை விட்டு நகர்ந்தால்தான் திருப்ப வேண்டும். அவசரப்பட்டு நோண்டாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. சின்னவனிடம் கறி உருண்டை என்று சொல், டப்பா என்று மூச்சு விடாதே.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அப்பா

•

மார்ச் 1

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நோண்டவில்லை. உருண்டை உடையாமல் வந்தது. சின்னவன் இருந்ததை எல்லாம் தின்றுவிட்டு, "அப்பா உருண்டை இன்னும் இருக்காம்மா?" என்று சட்டியை எட்டிப் பார்த்தான். வியர்க்க வியர்க்க அடுப்பில் நின்றது நான், பெயர் உங்களுக்கு. வயிற்றெரிச்சலாக இருந்தாலும் அவன் தின்றதைப் பார்த்ததே எனக்குப் போதும்.

மாடி வீட்டு அக்காவும் நானும் இப்போது பெட்டிகளைச் சேர்த்துவைத்துப் பிரித்துக்கொள்கிறோம். அவர் வீட்டில் யாரும் காய் தொடமாட்டார்கள், எங்களுக்கு பிஸ்கட் வேண்டாம். உருளைக்கிழங்குத் தோலைக் கூட விடுவதில்லை. உப்புப் போட்டு மொறுமொறுவென்று வறுத்தால் பெரியவள் படிக்கும்போது கொறிக்கிறாள்.

ஒரு முட்டாள்தனமும் செய்தேன். போன வாரம் ஒரு பெரிய காலிஃபிளவர் வந்தது. அதை என்ன செய்வது என்று நீங்கள் எழுதுவீர்கள் என்று எடுத்துவைத்தேன். உங்களிடம் நான் கேட்கவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. அதற்குள் அது கறுத்துவிட்டது. அக்கா பிடித்துத் திட்டினார். "ஏண்டி, உனக்குக் கண்ணு மூக்கு இல்லையா? அடுப்புல ஏத்தறதுக்கும் புருஷன் தபால் வரணுமா?"

இப்படிக்கு,
பெரியவளின் அம்மா

•

மார்ச் 10

அன்புள்ளவளுக்கு,

மாடி வீட்டு அக்காவின் வாய்க்கு வரி போட்டால் அரசாங்கம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால் இனி பொதுவாக எழுதுகிறேன். காலிஃபிளவர் தண்டை வீசாதே, தோல் சீவி சூப்பில் போடு. வாடிய கீரையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் எழுந்து நிற்கும். பழுத்துக் கனிந்த தக்காளி கிடைத்தால் அதிர்ஷ்டம், அதைச் சுண்ட வைத்து பாட்டிலில் அடைத்துவிடு.

நேற்று ஒரு வேடிக்கை. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். டிரைவர் கதவைத் திறந்ததும் அலறினான். "யோவ், கேஸ் நாத்தம் தெருவு வரைக்கும் அடிக்குது, இங்கயே உக்காந்திருக்கியே! சாகப் போறியா?" குழாயைச் சரியாக மூடவில்லை போலிருக்கிறது. என் மனைவியை நினைத்துக்கொண்டிருந்தேன், உலகமே மறந்துவிட்டது என்றேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

•

மார்ச் 20

என்னங்க,

அந்த கேஸ் கதையைப் படித்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கல்யாணமான புதிதில் கூட நீங்கள் இப்படியெல்லாம் எழுதியதில்லை. பெரியவள் பக்கத்தில் வந்து நின்றாள், கடிதத்தை மடித்துவிட்டேன். இனிமேல் குழாயை மூடிவிட்டு என்னை நினையுங்கள்.

ஒரு சந்தேகம். சனிக்கிழமை சாயங்காலங்களில் விருந்துகளில் மிஞ்சிய சாப்பாட்டையும் மண்டபத்தில் கொடுக்கிறார்கள். இந்தத் தடவை கோழி வறுவல் கிடைத்தது. நம் ஃபிரிட்ஜ் கெட்டுப்போய்க் கிடக்கிறது. மறுநாள் மத்தியானம் திறந்தபோது ஒரு வாடை. கெட்டது போலவும் இருந்தது, நான்தான் அப்படி நினைத்துக்கொள்கிறேனோ என்றும் இருந்தது. கொட்டிவிட்டேன். சின்னவன் அழுத அழுகையைச் சொல்லி முடியாது. அவன் கோழி தின்று எத்தனை காலமாகிறது! கொட்டியது சரிதானா? மறுபடி வந்தால் என்ன செய்வது?

நீங்கள் எப்போது வீட்டுக்கு வருவீர்கள் என்று பெரியவள் கேட்கிறாள். நானும் கேட்கிறேன்.

உங்கள்,
பெரியவளின் அம்மா

•

மார்ச் 29

என் அன்பானவளுக்கு,

கடைசி வரியைப் படித்துவிட்டு வெளியே போய்த் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். ஜூன் மாதம் பிறந்ததும் வந்துவிடுகிறேன். சமையலறையை என்னிடம் விட்டுவிட்டு நீ காலை நீட்டி உட்கார்.

கோழியைப் போய் யாராவது கொட்டுவார்களா? உனக்கு எப்போதுமே பயந்தாங்கொள்ளி மூக்கு. நேற்றுச் செய்த கறியில் கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும், அது ஒன்றும் செய்யாது. வெந்நீரில் இரண்டு தடவை அலசு. வினிகர் ஊற்றிப் பிசறி, பூண்டும் மிளகும் தாராளமாகப் போட்டுக் கொதிக்கவிடு. பெரிய பெரிய ஓட்டல்களிலேயே இதுதான் நடக்கிறது. நான் சொல்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு செய். என் மகன் இனிமேல் கோழிக்காக அழக் கூடாது.

உன்,
வீட்டுக்காரன்

•

ஏப்ரல் 12

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். சின்னவன் பிழைத்துவிட்டான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன சனிக்கிழமை மறுபடி கோழி கொடுத்தார்கள். ஞாயிறு மத்தியானம் திறந்தேன். அதே வாடை, போன தடவையைவிட அதிகம். அக்கா வாசலில் நின்றபடியே, "கொட்டிடுடி, எனக்கே இங்க வரைக்கும் வருது" என்றார். "எங்க வீட்டுக்காரர் ஓட்டல்காரர்க்கா, அவருக்குத் தெரியாததா?" என்றேன். வெந்நீர், வினிகர், பூண்டு, மிளகு, ஒன்று விடாமல் செய்தேன். பெரியவள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் அவனுக்கு இருக்கட்டும் என்று சாறை மட்டும் தொட்டுக்கொண்டேன். அவன் எலும்பு வரை கடித்துத் தின்றான்.

இருட்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டது. வாந்தி நிற்கவே இல்லை. கண் உள்ளே போய், கூப்பிட்டால் திரும்பக்கூட முடியவில்லை. அக்காவின் மகன்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தான். குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்தினார்கள். அவன் அழவில்லை, அழுவதற்குத் தெம்பு இல்லை. டாக்டர் என்னைப் பார்த்து, "நல்லா வாடை அடிச்சிருக்குமேம்மா, உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது.

அவன் தூங்கும்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் கடிதங்களை நினைத்துப் பார்த்தேன். வெங்காயத்தின் சத்தத்தைக் கேள் என்கிறீர்கள், ஓரத்தின் நிறத்தைப் பார் என்கிறீர்கள். வாசனை வந்ததும் இறக்கு என்று ஒரு வரி இல்லை. முன்பெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பருப்பு அடிப்பிடித்துவிட்டது என்று கத்துவீர்கள். தெரு வரைக்கும் அடித்த கேஸ் பக்கத்தில் இருந்த உங்களுக்குத் தெரியவில்லை. என்னை நினைத்துக்கொண்டிருந்ததால் என்று நம்பி நான் வெட்கப்பட்டேன்.

உங்கள் மூக்குக்கு என்ன ஆயிற்று?

சின்னவனின் அம்மா

•

ஏப்ரல் 20

என் அன்பானவளுக்கு,

பிள்ளை எப்படி இருக்கிறான்? தண்ணீராவது குடிக்கிறானா? உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது வாசனையும் போய்விட்டது. மல்லி, மண்ணெண்ணெய், சோப்பு எல்லாம் ஒன்றுதான் எனக்கு. நாக்கில் உப்பும் புளிப்பும் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். ஓட்டலில் நான் செய்ததை ஆட்கள் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். அடுப்பிலிருந்து பாத்திரம் கழுவும் இடத்துக்கு மாற்றினார்கள், பிறகு அங்கிருந்தும் அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறேன். சாயங்காலம் நானும் இங்கே இலவசச் சாப்பாட்டு வரிசையில்தான் நிற்கிறேன். அங்கே போடும் பழைய கறிக்கு வாடை உண்டா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? தின்றேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை வைத்துத்தான் உனக்கு எழுதினேன்.

ஒன்றுக்கும் ஆகாதவனாக உட்கார்ந்திருந்த நேரத்தில் பீன்ஸை என்ன செய்வது என்று நீ என்னைக் கேட்டாய். உலகத்தில் ஒருத்திக்கு நான் இன்னும் சமையல்காரன் என்று இருந்தது. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

என்னை வர விடு. அடுப்புப் பக்கம் நான் வரமாட்டேன். காய் நறுக்கிக் கொடுக்கிறேன், பெட்டியை நான் போய் வாங்கி வருகிறேன், குடை இல்லாமல் நிற்கிறேன். நீ சொன்னதைச் செய்துகொண்டு ஒரு மூலையில் இருந்துவிடுகிறேன்.

உன்,
வீட்டுக்காரன்

•

மே 2

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

சின்னவன் வீட்டுக்கு வந்துவிட்டான். நோஞ்சானாக இருக்கிறான், ஆனால் பெரியவளோடு சண்டை போடுகிறான். கோழியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். காய்ச்சலில் கிடந்தபோது ஒரு வரி எழுதியிருந்தால் நான் ஓடி வந்திருப்பேன். அப்போதும் நாம் சண்டையில்தான் இருந்தோம், இருந்தாலும் வந்திருப்பேன். நீங்கள் அந்த வரிசையில் தட்டோடு நிற்பதை நினைத்தால் என் குடைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஆனால் வர வேண்டாம்.

பொய் சொன்னதற்குத் தண்டனை என்று நினைக்காதீர்கள். என்னை நினைத்துத்தான் எனக்குப் பயம். இத்தனை வருஷம் நான் ருசி பார்த்துச் சொன்ன எதையும் நீங்கள் ஒத்துக்கொண்டதில்லை. உப்பு சரியாக இருக்கிறது என்பேன், இல்லை என்பீர்கள். உங்கள் நாக்கு சொன்னதுதான் நம் வீட்டில் உப்பு. அப்படியே பழகிப் பழகி, கெட்டது என்று என் மூக்கே சொன்ன பிறகும் அதை என் கையால் என் பிள்ளைக்கு ஊட்டினேன். எங்கோ இருந்து நீங்கள் எழுதிய ஒரு வரி எனக்கு என் மூக்கைவிடப் பெரிதாக இருந்தது.

மூலையில் உட்கார்ந்து காய் நறுக்குகிறேன் என்கிறீர்கள். நீங்கள் சொன்னபடி இருப்பீர்கள், நம்புகிறேன். நான்தான் இருக்கமாட்டேன். கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து உப்புப் போதுமா என்று உங்களைக் கேட்பேன். உங்களுக்குத் தெரியாது என்று தெரிந்தும் கேட்பேன். நீங்கள் போதும் என்று தலையாட்டினால் நிம்மதியாகப் போய்ப் பரிமாறுவேன்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை உங்கள் தங்கை வீட்டுக்கு அனுப்புகிறேன். அங்கே வந்து பாருங்கள், வேண்டிய மட்டும் அவர்களோடு இருங்கள். அவர்கள் உங்களுக்கு எழுதுவார்கள். நீங்களும் அவர்களுக்கு எழுதுங்கள், சமையல் மட்டும் வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கும் சாப்பாட்டை டிரைவரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள், அவருக்கு நல்ல மூக்கு.

இன்று பெட்டியில் பால் வந்தது. திறந்து முகர்ந்து பார்த்தேன். பாட்டிலில் போட்டிருந்த தேதி இன்னும் தாண்டவில்லை, அக்கா கூட நன்றாகத்தான் இருக்கிறது என்றார். எனக்குச் சரியாகப் படவில்லை. கொட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அம்மா