கவ்வாத்து வெட்டிய நெஞ்சு

இன்று காலை மேல்மலையில் கவ்வாத்து வெட்டினார்கள். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்தால் கசப்பாக ஒரு பச்சை வாசம் வருமே, அது நம் லயத்து வீட்டு வாசல்வரை வந்தது. உடனே உன் ஞாபகம்தான். ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ கிடந்த ஐந்து நாள் ஞாபகம்.

எல்லாம் அந்த ஊக்கால் வந்தது. வெற்றிலை போட்டுப் போட்டுச் சொத்தையான கடைவாய்ப் பல்லை, வளையலில் மாட்டியிருக்கும் ஊக்கை எடுத்துக் குத்திக்கொண்டே இருப்பாய். பிறகு விட்டுவிட்டுக் காய்ச்சல். "தேவாலா மழைக்கு எவளுக்குத்தான் காய்ச்சல் வராது?" என்று கடை மாத்திரையை விழுங்கிவிட்டுக் கொழுந்தெடுக்க வந்தாய். சரிவில் மூச்சு முட்டி நீ உட்கார்ந்த அன்றுதான் உன் மகன் முருகேசு வண்டி பிடித்தான். பல்லிலிருந்த கிருமி ரத்தத்தோடு போய் இதயத்து வால்வை அரித்துவிட்டதாம். கோயம்புத்தூரில் சொன்னார்கள்.

ஆபரேஷன் செய்து வால்வை மாற்றினார்கள். ஆனால் உன் இதயம் களைத்துப்போய், இனி என்னால் ஆகாது என்றது. ரத்தத்தைக் குழாயில் வெளியே எடுத்து, ஒரு மெஷின் வழியாக மறுபடி உடம்புக்குள் அனுப்பினார்கள். "இதயத்தோட வேலைய இது பாக்குமுங்க. அது ஓய்வெடுத்து எந்திரிக்குதான்னு பாக்கோணும்" என்றார் டாக்டர்.

முருகேசு சுவரில் சாய்ந்து அழுதான். "அம்மா போயிருச்சு பெரியம்மா. மெஷின்தான் ஓடுது. கழட்டச் சொல்லி லயத்துக்கே கொண்டுபோயிரலாம்."

எனக்கும் பயம்தான். வாயில் வந்ததோ வேறு. "ஏன்டா, கவ்வாத்து வெட்டுன செடி ஒரு எலகூட இல்லாம நிக்குதே, செத்துப்போச்சுன்னு புடுங்கிப் போடுவியா? மூணு மாசம் அதுல கை வைக்க விடுவாரா கங்காணி? உங்கம்மாவுக்கு அஞ்சு நாள் குடுடா!"

அழுதபடியே சிரித்துவிட்டான். மெஷினைக் கழற்றச் சொல்லி அப்புறம் அவன் கேட்கவே இல்லை.

ஐந்தாம் நாள் மெஷின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். உன் இதயம் தானே துடித்தது. தொண்டைக் குழாயை எடுத்ததும் கரகரத்த குரலில் நீ கேட்ட முதல் கேள்வி, "என் நெரைய எவ எடுக்குறா?" ஒருத்திக்கு ஒதுக்கிய செடி வரிசையில் அடுத்தவள் கை வைத்தால் நமக்குப் பொறுக்காதே!

"நான்தான்" என்றேன்.

"கிழிஞ்சுது போ. முத்தல் எலையையும் சேத்துல்ல கிள்ளுவ!"

பேசக் கூடாது என்று நர்ஸ் நம் இருவரையும் அதட்டினாள்.

அடுத்த வருடமே வந்து நெரையைப் பிடுங்கிக்கொண்டாய். புது வால்வு டிக் டிக் என்று கேட்கும். "வாட்ச்ச முழுங்கிட்டேன்" என்று லயத்துப் பிள்ளைகளையெல்லாம் நெஞ்சில் காது வைக்கச் சொல்வாய். அப்படி ஆறு வருடம். போன மழையில், உன் வீட்டிலேயே, தூக்கத்தில் போனாய்.

என் பேத்தி இப்போது நர்சிங் படிக்கிறாள். அந்த மெஷினைப் பற்றி அவளுக்குக் கவ்வாத்தை வைத்துத்தான் சொன்னேன். "எங்க மிஸ்ஸவிட நல்லா சொல்றீங்க அம்மாயி" என்றாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்று வெட்டியது உன் நெரைதான். இப்போது அது என் பேரில் இருக்கிறது. துளிர்த்து வரட்டும். முதல் கொழுந்தை நானே கிள்ளுவேன். கூடையில் ஒரு முத்தல் இருக்காது, வேண்டுமானால் வந்து பார்.