படிக்காமல் இட்ட கையெழுத்து

என் அன்பிற்குரியவளே,

படிப்பைப் பாதியில் விட்டு இங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்ட நம் மகளைச் சட்டக் கல்லூரிக்குத் திரும்ப அழைத்துவரவே அமெரிக்காவின் நெவாடாப் பாலையில் உள்ள, நூறாண்டுப் பழமையான இந்தக் குதிரைப் பண்ணைக்கு வந்தேன் என்பதை மறுக்கவில்லை.

குதிரைச் சவாரிக்கு முன், விபத்து நேர்ந்தால் பண்ணை பொறுப்பல்ல என்னும் ஒப்புதல் படிவத்தை அவளே நீட்டினாள். மூக்குக்கண்ணாடியைத் தேடினேன்.

“வக்கீல் சார், நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள குதிரைக்கு வயசாயிடும்,” என்றாள்.

படிக்காமலே கையெழுத்திட்டேன். செம்பாறைகளுக்கிடையே அவள் குதிரை பாய, என்னுடையதும் பாய்ந்தது. என்னை அறியாமல் உற்சாகத்தில் கூவினேன்.

பாறை மேட்டின் உச்சியில், கல்லூரிப் பேச்சை எடுக்கவே வாய் திறந்தேன். “இன்னொரு தடவை போலாமா?” என்றுதான் வந்தது.

அவள் இங்கேயே இருக்கட்டும். நீயும் புறப்பட்டு வா. ஜூனிபர் என்ற சாதுவான குதிரையை உனக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். உன் படிவத்தை மட்டும் நான் முழுமையாகப் படித்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உடம்பெல்லாம் வலிக்கும் உன் கணவன்