‘பஞ்சர்’ ஆல்பத்தில் பாதிக் குரல்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால், கொதித்துக்கொண்டிருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே “அம்மா, ஸ்டூடியோவுல இருக்கேன், அப்புறம் பேசுறேன்” என்பாய். அதனால்தான் எழுதுகிறேன், இதை நடுவில் நீ வைத்துவிட முடியாது.

நீ ரேடியோவில் பேசிய அன்று உன் மச்சான் டயர் கடையில் ஒரு வேலையும் நடக்கவில்லை. நீ பேசுவது தெளிவாகக் கேட்க வேண்டுமென்று மாப்பிள்ளை கம்ப்ரஸரையே அணைத்துவிட்டுப் போனைப் பெரிய ஸ்பீக்கரில் மாட்டினார். நானும் பக்கத்துக் கடையில் தைத்துக்கொண்டிருந்த லாரி சீட் கவரை மெஷினில் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தேன். உன் அக்கா, அப்பா, எந்நேரமும் அங்கேயே பழியாய்க் கிடக்கும் லாரிக்காரர், பிளம்பர் எல்லோரும் கழற்றிப் போட்ட டயர்கள் மேல் உட்கார்ந்திருந்தோம். ஹிப்ஹாப்பில் யார் யார் லெஜண்ட், எந்த ஆல்பம் காலத்துக்கும் நிற்கும் என்று உன்னைப் பேட்டி எடுத்த அந்த ரேடியோப் பெண் கேட்டாள். நீயும் ஐந்து பேரைச் சொல்லி ஒவ்வொருவருக்கும் காரணம் அடுக்கினாய். இவருக்குத் தாளம் பிசகாது, அவர் சொல்லைத் திருப்பிப் போடும் விதம் வேறு யாருக்கும் வராது என்று நீ சொல்லச் சொல்ல மாப்பிள்ளை தலையை ஆட்டி ஆட்டி “கரெக்ட்டு, கரெக்ட்டு” என்றார். மூன்றாவது ஆளுக்கு மட்டும் “இவனா, வெறும் வாய்வேகம்தான்” என்று முகத்தைச் சுளித்தார். அதற்கப்புறம்தான், உங்கள் ஊரில் உங்களோடு யார் இருந்தார்கள் என்று அவள் கேட்டாள். நீ சிரித்தாய். “அங்க யாரு இருக்கா? யாரும் இல்ல. நானாத்தான் கத்துக்கிட்டேன்” என்றாய். எப்படியடா அப்படிச் சொல்ல உனக்கு வாய் வந்தது?  மாப்பிள்ளை எழுந்து போய்க் கம்ப்ரஸரைப் போட்டார். “அண்ணே, உங்க பின் சக்கரம் ரெடி, வண்டிய எடுத்துக்குங்க” என்று லாரிக்காரரிடம் சொன்னார். நீ அதற்கு மேல் பேசிய எதுவும் அந்தச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து கடையில் ஓயாத வழக்கு. குறைந்தது நாலு ஆல்பமாவது போட்டிருந்தால்தான் லெஜண்ட் என்கிறார் லாரிக்காரர். பிளம்பர் விடுவதாக இல்லை. “பின்னாடி வந்தவன் அத்தனை பேரும் அதே மாதிரி பாடிப் பாக்குறான்ல, அப்ப ஒரே ஆல்பம் போதும்ணே” என்று, நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து போட்ட ‘பஞ்சர்’ ஆல்பத்தை இழுக்கிறார். இங்கே பையன்கள் ராப் பழக ஆரம்பித்தால் முதலில் மனப்பாடம் பண்ணுவது மாப்பிள்ளை பாடின பாதியைத்தானாம். அவரைக் கேட்டால் “எனக்குப் பாதியிலேயே மூச்சு வாங்குதுண்ணே, நான் எங்க லெஜண்ட்” என்று சிரித்து மழுப்புகிறார். ஆனால் கடையில் இப்போது பாட்டே போடுவதில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பாட்டைப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலையில் கை வைக்கும் மனுஷன். உன்னைக் கூப்பிட்டு நேராகக் கேட்டுவிடுங்கள் என்று உன் அக்கா தினமும் அவரோடு மல்லுக்கு நிற்கிறாள். “கேட்டு வாங்க அது என்ன பாக்கியா?” என்கிறார் அவர். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டே தைத்தால் தையல் எங்கே நேராகப் போகும்?

சரி, பிள்ளையிடமே கேட்போம் என்று நான் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? “அம்மா, லெஜண்ட்னா அது வேற லெவல், உனக்குப் புரியாது.” புரியாதுதான். அந்த ஐந்து பேரோடு அவரையும் சேர் என்று நான் கேட்டேனா? அந்த வரிசையை நீ எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள், அது உன் ரசனை. ‘யாரும் இல்ல’ என்றாயே, அதைத்தான் கேட்டேன். மாடி அறையில் மெத்தையைச் சுவரோடு நிறுத்திக் கட்டி, சத்தம் விழும் என்று ஃபேனையும் அணைத்துவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட ஒரே மைக்கில் இரண்டு பேரும் மாறி மாறிப் பாடவில்லையா? உனக்கு ஒரு வரி தாளத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனபோது “அங்க மூச்ச விடாத, ஒரு சொல்லு தள்ளி விடு” என்று சொல்லிக் கொடுத்தது யார்? கதவுக்கு வெளியே துணி மடித்துக்கொண்டிருந்த எனக்கே அது மறக்கவில்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். நீ சொன்ன ஐந்து பேரைப் பற்றி நேயர்கள் சண்டை போட அந்த ரேடியோக்காரர்களே ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள். பிளம்பர் போட்டுப் போட்டுப் பார்த்து லைன் கிடைக்காமல் சலித்துப்போனார். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நான் போட்டேன், எனக்குக் கிடைத்துவிட்டது. எடுத்தது அதே பெண். “சொல்லுங்கம்மா, உங்க லெஜண்ட் யாரு?” என்றாள். எனக்குக் குரலே நடுங்கியது. ‘பஞ்சர்’ என்று ஒரு ஆல்பம் இருக்கிறது, அதில் பாதிக் குரல் இங்கே டயர் கடை வைத்திருப்பவருடையது, உங்களிடம் பேசினவர் அவரோடு சேர்ந்துதான் கற்றுக்கொண்டார், யாரும் இல்லை என்று அவர் சொன்னது பொய் என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். “பக்கத்துல இருந்தேம்மா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வந்த போன்களையெல்லாம் பதிவு பண்ணி வைத்திருக்கிறோம், மாதக் கடைசியில் போடுவோம் என்று ரேடியோவில் சொன்னார்கள். உன் அப்பாவிடம் சொன்னேன், “பெத்த பிள்ளையவே ஊரறிய மாட்டிவிட்டுட்டியே” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளைக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் அவரும் என்மேல் கோபப்படுவார். படட்டும்.

அது ரேடியோவில் வருவதற்குள் நீ உன் மச்சானைக் கூப்பிட்டுப் பேசு. எனக்குச் சமாதானம் சொல்லி நேரத்தை வீணாக்காதே. தொண்டையைப் பார்த்துக்கொள், ஐஸ் தண்ணீர் குடிக்காதே. நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், இன்னும் பெரிய பேர் எடுக்க வேண்டும். எவ்வளவு கோபம் வந்தாலும் இதில் எனக்கு மாற்றமில்லை. அந்த நிகழ்ச்சி வந்தபிறகு, நடுங்கின குரலில் பேசியது யார் என்று உன்னைக் கேட்பார்கள். என் அம்மா என்று சொல்லலாம். யாரும் இல்லை என்றும் சொல்லலாம்.

இப்படிக்கு,
உன் அம்மா