ஃப்ரீ கோழி

1999 அக்டோபர் 16, சனி. சன்னிவேல்.

கடையில கோழி பாக்கெட் மேல 'ஃப்ரீ ரேஞ்ச்'னு போட்டிருந்தது. ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு நினைச்சு ரெண்டு எடுத்து, கவுன்ட்டர்ல சண்டையும் போட்டேன். ஏழு வயசு நித்யாதான் கையைப் பிடிச்சு இழுத்தா. "நோ அம்மா, கோழிதான் ஃப்ரீ. அது வெளியில நடந்துச்சு."

மானம் போச்சு. வழக்கமா வாங்குற கோழியையே எடுத்துட்டு வந்துட்டேன். வீட்டுல நித்யா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. எடை இருக்கு, தேதி இருக்கு. "இது எங்க இருந்துச்சுன்னு ஏன் போடல?"

"எனக்குத் தெரியாதுடி."

சாயங்காலம் குழம்பு வைக்க எடுத்தா, பாக்கெட் மேல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. தமிழ் வகுப்புல கத்துக்கிட்ட கோணல் எழுத்துல, "வீடு தெறியாது".

கோழியைத் திரும்ப ஃப்ரீசர்ல போட்டுட்டு, ராத்திரிக்கு ரசம்தான் வச்சேன். அந்த 'றி'யைத் திருத்தலாம்னு இப்போ பேனாவோட போய் ஃப்ரீசரைத் திறந்தேன். மனசு வரலை. மூடிட்டேன்.