சாய்தளத்தில் யாரும் தள்ளவில்லை

அனுப்புநர்:
ஏழாம் வகுப்பு மாணவியின் அக்கா,
துணிக்கடை விற்பனையாளர்,
பள்ளியின் பின்தெரு, மாடி வீடு.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: பள்ளிச் சாய்தள விபத்துக்கு என் தங்கையே காரணம் என்ற விசாரணை அறிக்கையை ரத்து செய்து, அவளைத் தேர்வு எழுத அனுமதிக்கக் கோருவது குறித்து.

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் வருகைக்காகப் பூசிய பெயிண்ட்தான் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணின் மணிக்கட்டை உடைத்தது. என் தங்கை உடைக்கவில்லை. இதை நான் சந்தேகமாகச் சொல்லவில்லை, நடந்தது இதுதான்.

1. அடிபட்ட மாணவி சக்கர நாற்காலியில் பள்ளிக்கு வருபவள். வகுப்பில் அவளுக்குப் பெயர் பைலட். இரண்டு வருடமாக அவள் நாற்காலியைப் பிடித்து வருபவள் என் தங்கை என்பதால் இவளுக்கு என்ஜின் என்று பெயர். என்ஜினுக்குக் காய்ச்சல் என்றால் பைலட்டுக்கும் லீவு என்று வகுப்பே கிண்டல் செய்யும். அது பெரும்பாலும் உண்மையும்கூட.

2. பள்ளி வாசலில் உள்ள சாய்தளம் மூன்று படி உயரத்துக்கு இரண்டு பெஞ்சு நீளம்தான். அதை ஏன் நீளமாகக் கட்டவில்லை என்று முன்பு கேட்டபோது, அதற்கு மேல் போனால் ஆய்வுக்கு வரும் வண்டி நிற்க இடமிருக்காது என்று பதில் வந்தது. ஆகவே இரண்டு பெண்களும் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இறங்கும்போது நாற்காலியைத் திருப்பிப் பின்புறமாக இறக்குவார்கள். என் தங்கை கீழ்ப்பக்கம் நின்று தோளால் முட்டுக்கொடுப்பாள். பைலட் இரண்டு சக்கரத்தையும் கையால் இறுக்கிப் பிடித்து மெல்ல மெல்ல விடுவாள். இந்த முறையில் இரண்டு வருடத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை.

3. தாங்கள் வருவதாகத் தகவல் வந்ததும் சாய்தளத்துக்குப் பளபளப்பான பெயிண்ட் அடித்தார்கள். அதில் தடம் விழக் கூடாது என்று பிள்ளைகளின் ஷூக்களைக் கழற்றச் சொல்லி சாக்ஸோடு நடக்க வைத்தார்கள். கீழே, சாய்தளத்துக்கு நேர் எதிரே, சிமெண்ட் பூந்தொட்டி வைத்தார்கள். தங்களுக்குப் பூங்கொத்து கொடுக்கப் பைலட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். படத்தில் நன்றாக இருக்கும் என்று சொன்னது பைலட்டின் காதிலேயே விழுந்திருக்கிறது. அவள் என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

4. பிள்ளைகள் வழக்கம்போல நாற்காலியைத் திருப்பினார்கள். உடற்கல்வி ஆசிரியை தடுத்து, "சாருக்கு முதுகைக் காட்டிட்டா வருவீங்க? நேரா வாங்க" என்றார். நேராகத் திருப்பினார்கள். பைலட்டின் இரண்டு கையிலும் பூங்கொத்து; சக்கரத்தைப் பிடிக்க மூன்றாவது கை அவளுக்கு இல்லை. என் தங்கை மேல்பக்கம் நின்று கைப்பிடியை இழுத்துப் பிடித்திருந்தாள். தரையைப் பற்றிக்கொள்ள அவள் காலில் ஷூ இல்லை.

5. அடுத்து நடந்தது துறை வழங்கிய ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. பைலட்டின் எடையும் நாற்காலியின் எடையும் கீழே இழுத்தன. என் தங்கை மேலே இழுத்தாள். இரண்டு விசைகள் எதிரெதிரே இழுத்தால் பொருள் பெரிய விசையின் பக்கம் போகும். சரிவு கூடக்கூடக் கீழே இழுக்கும் விசை கூடும். வழவழப்பான தரையில் உராய்வு குறையும். உராய்வு இல்லாத காலால் எதையும் பிடித்து நிறுத்த முடியாது. நாற்காலி அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. அவள் பிடியை விடவில்லை. முழங்கால் இரண்டும் தோலுரிந்த பிறகும் விடவில்லை.

நாற்காலி தொட்டியில் மோதி நின்றது. பைலட் நிற்கவில்லை, ஏனென்றால் இயங்கும் பொருள் வெளிவிசை ஒன்று தடுக்கும்வரை இயங்கிக்கொண்டேதான் இருக்கும். அவளைத் தடுத்தது தரை. மேலே இருந்தபோது நிலையாற்றலாக இருந்தது இறங்கும்போது இயக்க ஆற்றலாக மாறியது. ஆற்றல் அழிவதில்லை என்று பாடம் சொல்கிறது. கொஞ்சம் சத்தமாகப் போனது, கொஞ்சம் வெப்பமாகப் போனது, மிச்சம் அவள் மணிக்கட்டுக்குள் போனது.

6. ஐயா, நாற்காலி வந்த வழியில் தாங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். ஒதுங்கிக்கொண்டீர்கள். அதைக் குற்றமாகச் சொல்ல வரவில்லை. பாய்ந்து வருவதைக் கண்டால் யாரும் ஒதுங்கத்தான் செய்வார்கள். ஆனால் ஒதுங்கியவர் எல்லாவற்றையும் பார்த்திருப்பார். என் தங்கையின் உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று தங்களுக்குத் தெரியும். தங்களிடம் மட்டும் விசாரணைக் குழு எதுவும் கேட்கவில்லை.

7. குழுவில் தலைமை ஆசிரியர், உடற்கல்வி ஆசிரியை, அறிவியல் ஆசிரியர் ஆகிய மூவர் இருந்தார்கள். தங்கையோடு நானும் போயிருந்தேன். பின்னால் இழுத்தேன் என்று என் தங்கை சொன்னதும் தலைமை ஆசிரியர், "இழுத்தா எப்படிம்மா கீழ வரும்?" என்று கேட்டார். உடற்கல்வி ஆசிரியையும் சேர்ந்து சிரித்தார். போன மாதம்தான் இதே பாடத்தை நடத்திய அறிவியல் ஆசிரியர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசலில் அவரை மறித்துக் கேட்டேன். "எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலம்மா, புரிஞ்சுக்கோ" என்றார். புரிந்துகொண்டேன். அவருக்கு வேலை வேண்டும், மற்ற இருவருக்கும் தங்களிடம் நல்ல பெயர் வேண்டும். யாருடைய தயவும் இல்லாதவள் என் தங்கைதான். பழி அவள் மேல் உருண்டு வந்து விழுந்தது.

கையில் கட்டோடு பைலட்டும் வந்து, "அவ பிடிச்சதாலதான் கையோட போச்சு, இல்லன்னா மண்டை போயிருக்கும்" என்று சொல்லிப் பார்த்தாள். சிநேகிதிக்காகப் பொய் சொல்கிறாள், பாவம் என்று அவளைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அறிக்கையில் 'மாணவி விளையாட்டாகத் தள்ளியதே காரணம்' என்று எழுதப்பட்டது.

8. தள்ளியதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் என் தங்கை வகுப்புக்கு வரலாம், தேர்வும் எழுதலாம் என்கிறார்கள். எங்கள் அம்மா மருத்துவமனையில் துணி துவைப்பவர். பெரிய இடத்தோடு மோதி அவருக்குப் பழக்கமில்லை. "ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டுப் பிள்ளையை அனுப்பிடலாம்" என்று பேனாவையும் எடுத்துவிட்டார். என் தங்கை அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "நான் தள்ளினேன்னு எழுதிட்டு அவ நாற்காலியை நான் எப்படிம்மா மறுபடி தொடுவேன்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அம்மா பேனாவைக் கேட்கவில்லை. நானும் கேட்க மாட்டேன்.

9. இன்று தேர்வு தொடங்கிவிட்டது. என் தங்கை சீருடை அணிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நாளை மறுநாள் அறிவியல். சாய்தளத்தில் வைத்த பொருள் ஏன் கீழே இறங்குகிறது என்ற கேள்விக்கு, யாரோ விளையாட்டாகத் தள்ளியதால் என்று எந்தப் பிள்ளை எழுதினாலும் இதே பள்ளி பூஜ்யம்தான் போடும். பிள்ளை எழுதினால் பூஜ்யம் வாங்கும் பதில், தலைமை ஆசிரியர் எழுதினால் அரசு ஆவணம் ஆகிவிடுமா?

ஆகவே அந்த அறிக்கையைத் தாங்கள் ரத்து செய்ய வேண்டும். என் தங்கையை அறிவியல் தேர்வுக்கு முன் வகுப்பில் சேர்க்க வேண்டும். விட்டுப்போன தேர்வுகளை மறுபடி நடத்த வேண்டும். சாய்தளத்தை விதிப்படி நீட்டிக் கட்ட வேண்டும். வண்டியை வீதியில் நிறுத்திக்கொள்ளலாம்.

இவற்றைச் செய்ய ஆதாரம் போதவில்லை என்று தாங்கள் கருதினால் ஒன்று செய்யலாம். நேரில் வந்து அந்தச் சரிவின் உச்சியில், முகம் கீழ்ப்பக்கம் பார்க்க, அந்த நாற்காலியில் தாங்களே உட்காருங்கள். பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள். யாரும் தொட மாட்டார்கள். நாற்காலி நின்ற இடத்திலேயே நின்றால், தலைமை ஆசிரியர் கேட்ட கடிதத்தில் எங்கள் குடும்பமே கையெழுத்திடும்.

என்றைக்கு வருகிறீர்கள்?

இடம்: பள்ளியின் பின்தெரு
நாள்: அரையாண்டுத் தேர்வின் முதல் நாள்

பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மாணவியின் அக்கா