இரண்டாவது கையெழுத்து

கப்பலிலிருந்து,
1996 ஜூன் 12, புதன்கிழமை

அன்புள்ள லீலண்டுக்கு வெர்னா எழுதுவது.

நான் பத்திரமாகக் கப்பல் ஏறிவிட்டேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் நம் பையன் டேரில் பேரை எடுத்தாலே நீ "அடுப்புல ஏதோ வச்சிருக்கேன்"னு சொல்லிப் போனை வைத்துவிடுவாய். முப்பத்தி நாலு வருஷத்தில் நீ அடுப்பில் எதை வைத்தாய், எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதம். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

ஃப்ரீசரில் சூப் ஏழு டப்பா வைத்திருக்கிறேன். மேலே தேதி ஒட்டியிருக்கிறது. தக்காளிச் செடிக்குக் காலையில் தண்ணீர் விடு, வெயில் ஏறின பிறகு விடாதே.

அறையில் இரண்டு கட்டில். உன் கட்டிலையும் தினமும் விரித்து வைக்கிறார்கள். அறையைப் பார்த்துக்கொள்ளும் ரொஹேலியோ என்கிற பெரியவர் துண்டை மடித்து யானை, வாத்து என்று செய்து வைக்கிறார். உன் தலையணை மேலும் ஒன்று வைக்கிறார். சார் வரவில்லை என்று சொன்னேன். டிக்கெட்டில் பேர் இருக்கிறதே, சாருக்கு உள்ளதை நான் எடுக்கக்கூடாது என்றார். அதனால் உன் யானை அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

கோபம் இன்னும் தீரவில்லையா லீலண்ட்? கிளம்புகிற அன்று காலையில் நம் பெட்டிக்குள் அந்தத் தாளைப் பார்த்தாய். உன் சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அலமாரியில் மறுபடி அடுக்கிவிட்டாய். நீ கத்தியிருந்தால் எனக்குத் தேவலாம்.

நான் மறைத்துக் கொண்டுபோக நினைக்கவில்லை. போர்ட் ஹாலெட்டில் அந்தச் சுவர் இருக்கிறது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் பேரெல்லாம் அதில் செதுக்கியிருக்கிறார்கள். டேரில் போன படகின் நாலு பேரில் மூன்று பேருடைய பேர் ஏறிவிட்டது. நாலாவதுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். உடல் கிடைக்காதவனுக்கு அம்மா அப்பா இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், இருவரும் உயிரோடிருந்தால். மூன்று வருஷமாக ஒவ்வொரு வசந்தத்திலும் அவர்கள் தாள் அனுப்புகிறார்கள். நீ அதை மடித்துக் குளிர்பெட்டி மேல் வைக்கிறாய். ரஷ்யக் கப்பல் ஏதாவது தூக்கிக் காப்பாற்றியிருக்கும் என்கிறாய். எந்த ரஷ்யக் கப்பல் ஒரு பையனை மூன்று வருஷம் தபால் அட்டை போடவிடாமல் வைத்திருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை அவன் பிக்கப் வண்டியைக் கிளப்பினாயா? பாட்டரி போய்விடக்கூடாது என்று பத்து நிமிஷம் ஓடவிடுவாயே. கதவைத் திறந்து வெளியே நின்றபடி சாவியைத் திருப்புவதை நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். அவன் தன் ஆறரை அடி உயரத்துக்குச் சீட்டைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டுப் போனான். நீ உட்கார்ந்தால் சீட்டை இழுக்க வேண்டி வரும். அதனால் நீ உட்காருவதே இல்லை. ஒரு தடவை நான் உள்ளே பெருக்கி, அவன் தின்று துப்பின சூரியகாந்தி விதைத் தொலியை எடுத்துப் போட்டுவிட்டேன் என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சாப்பாட்டு மேஜையில் என் கூட உட்காருகிறவர்கள் ஒக்லஹோமாக்காரர்கள். ஓர்வில், அவர் மனைவி மார்வா. அவர் கறிக்கடை வைத்திருந்தவர். நீ ஏன் வரவில்லை என்று கேட்டார். முட்டி வலி என்றேன். "பொண்டாட்டிய அனுப்பிட்டு வீட்ல நிம்மதியா இருக்காரே, அவரு புத்திசாலி! எனக்கு இந்த யோசனை தோணலையே"ன்னார். மார்வா அவர் கையில் கரண்டியால் ஒரு அடி போட்டாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இப்போது எழுத மனம் வரவில்லை. நாளை மறுநாள் போர்ட் ஹாலெட்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். சூப்பைச் சுட வைத்துக் குடி, அப்படியே சில்லென்று குடிக்காதே.

வெர்னா


போர்ட் ஹாலெட்,
ஜூன் 14, வெள்ளி

அன்புள்ள லீலண்டுக்கு,

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மழை பெய்கிறது. இங்கே எப்போதும் பெய்யுமாம். யாரும் குடை பிடிப்பதில்லை. டேரில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா, "குடை புடிச்சா கப்பல்ல வந்தவங்கன்னு அர்த்தம்மா, நீ வரும்போது புடிக்காத, என் மானம் போயிடும்"னு. நான் பிடிக்கவில்லை. நனைந்துதான் போனேன்.

சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். நீ திட்டினாலும் பரவாயில்லை.

முதல் நாள் சாப்பிடும்போது மார்வா பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். நான், ஒரே பையன், அலாஸ்காவில் மீன் பிடிக்கிறான் என்றேன். பிடித்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது இப்படி. ஓர்வில் உடனே தட்டைக் காட்டி, "அப்ப இந்த மீன் உங்க பையன் புடிச்சதா? முள்ள எடுக்காம அனுப்பியிருக்கான் பாருங்க, வீட்டுக்குப் போனதும் திட்டுங்க"ன்னார். மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த இடத்திலேயே திருத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த நாள் இன்னும் கேட்டார்கள். இன்னும் சொன்னேன். சொந்தப் படகு வாங்கிவிட்டான் என்றேன். படகுக்கு என் பேர் வைத்திருக்கிறான் என்றேன். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணோடு பழகுகிறான், நல்ல பெண், ஆனால் சமைக்கத் தெரியாது என்றேன். அந்தப் பெண்ணைப் பற்றி நான் குறை சொல்லக்கூடத் தொடங்கிவிட்டேன் லீலண்ட். இல்லாத மருமகள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மூன்று வருஷமாக அவன் பேரைச் சொன்னால் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். இங்கே அவன் பேரைச் சொன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார்கள்.

கெட்சிக்கன் துறையில் இறங்கினபோது மார்வா அவனுக்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கினாள். சிவப்பு. தலை எவ்வளவு பெரிது என்று கேட்டாள். பெரிய தலை, பிறக்கும்போதே பெரிய தலை என்றேன். அது பொய்யில்லை.

நேற்று பனிமலைப் பக்கம் கப்பலை நிறுத்தினார்கள். பனி உடைந்து கடலில் விழும்போதெல்லாம் எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை மார்வா கேமராவை எடுத்துக்கொண்டு என்னோடு இறங்கினாள். அம்மாவையும் பையனையும் சேர்த்து ஒரு படம் எடுத்தே தீருவேன் என்றாள். ஓர்வில் தொப்பியைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். துறையில் உயரமான ஆட்கள் நிறைய பேர் நின்றார்கள். "எது வெர்னா, எது? அந்தத் தாடிக்காரனா?"ன்னு மார்வா ஒவ்வொருத்தனாகக் காட்டிக் கேட்டாள். நான் ஒவ்வொரு தாடியாகப் பார்த்தேன். நிஜமாகவே தேடினேன். கடைசியில், அவன் வரவில்லை, படகு வெளியே போயிருக்கிறது என்றேன்.

ஓர்வில் என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார், பாவம். "அம்மா இவ்ளோ தூரம் வந்திருக்கா, மீன் தப்பிச்சிரும்னு ஓடிட்டானா? என்ன புள்ள இவன்! என் கையில கிடைச்சா காதைத் திருகுவேன்"ன்னார்.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அவனை ஒருத்தர் நன்றியில்லாத பிள்ளை என்று சொல்லக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை, உயிரோடு இருந்தால் நீந்தியாவது வந்திருப்பான் என்று கத்திவிட்டேன். துறையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்று வருஷத்தில், அவன் உயிரோடு இல்லை என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. உன்னிடம் தாளை நீட்டினேனே தவிர ஒருநாளும் சொன்னதில்லை, யோசித்துப் பார்.

அவர்கள் இரண்டு பேரும் திமிங்கிலம் பார்க்கிற படகுக்குப் பேர் கொடுத்திருந்தார்கள். போகவில்லை. ஓர்வில் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் என் பின்னால் நடந்துவந்தார். மார்வா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்ன பொய்யைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சுவர் கறுப்புக் கல். மூன்று பேருடைய பேரும் இருக்கிறது. கீழே ஒரு வரி வெறும் கல். மழைத்தண்ணீர் எழுத்துகள் மேல் தடுக்கித் தடுக்கி இறங்குகிறது, அந்த இடத்தில் மட்டும் நேராக வழுக்கிக்கொண்டு போகிறது.

அதற்குப் பக்கத்தில் தண்ணீருக்கு இறங்கப் படி இருக்கிறது. நான் இறங்கி உட்கார்ந்து கையை உள்ளே விட்டேன். இருபது எண்ணுவதற்குள் விரல் என் விரலாக இல்லை. இது ஜூன் மாசம். அவன் போனது நவம்பர். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

அங்கே தாளை வாங்குகிற அம்மாள் பேர் பெர்னிஸ். அவள் புருஷன் பேரும் அந்தக் கல்லில் இருக்கிறது. என் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துச் சூடேற்றினாள். "அவங்களுக்கு ரொம்ப நேரம் வலிச்சிருக்காது தங்கம்"னாள். அப்பா கையெழுத்துப் போடவில்லையே என்று கேட்டாள். போடவில்லை என்றேன். போடாதவரை அவர் வீட்டில் பிள்ளை இருக்கிறான் என்றேன். "எங்க மாமனாரு பதினோரு வருஷம் போடல. அவரை யாரும் அவசரப்படுத்தல. கல்லு எங்க போயிடப் போகுது"ன்னாள்.

நான் என் இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கை மரத்திருந்ததால் கோணலாக விழுந்துவிட்டது. தாளை அங்கே விட்டு வரவில்லை, திரும்ப வாங்கிக்கொண்டேன்.

கப்பல் ஊதுகிறது. போகிறேன்.

வெர்னா


மலைப்பக்கத்து விடுதி,
ஜூன் 19, புதன்

அன்புள்ள லீலண்டுக்கு,

கப்பலை விட்டு இறங்கி ரயிலில் வந்தோம். இனி ஒரு வாரம் தரையில். ரயில் மேலே முழுக்கக் கண்ணாடி. இங்கே இருட்டுவதே இல்லை, தூங்குவதற்குத் திரையை இழுத்து மூட வேண்டியிருக்கிறது. உனக்கு இது பிடிக்காது, எட்டரைக்கே கொட்டாவி விடுகிறவன் நீ.

இன்று பஸ்ஸில் அழைத்துப் போனார்கள். ஒரு தாய்க் கரடியும் இரண்டு குட்டியும் பார்த்தோம். பெரிய மலை மேகத்துக்குள் இருந்தது. வழிகாட்டிப் பெண், "மலை அங்கதான் இருக்கு, சத்தியமா. வர்றவங்கள்ல பாதிக்கு மேல பாக்காமத்தான் போறாங்க. எங்களைத் திட்டாதீங்க"ன்னாள். ஓர்வில், போட்டோ அட்டை வாங்கி வீட்டில் நான் எடுத்தது என்று சொல்லப் போகிறேன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரித்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். இப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார். நான்தான் இன்று அவர் காதைத் திருகி, பழையபடி பேசுங்கள் என்றேன்.

லீலண்ட், இதை உன் எதிரில் உட்கார்ந்து சொல்ல என்னால் முடியாது. அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உன் தங்கையிடம் உனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொன்னேன். பாதிரியாரிடமும் சொன்னேன். குளிர்பெட்டி மேலிருந்த தாளை எடுத்து உன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன், ரொட்டி வைக்கிற மாதிரி. அதெல்லாம் தப்பு. கப்பலில் நான்கு நாள் நான் நீயாக இருந்து பார்த்தேன். அவனுக்குப் படகு வாங்கிக் கொடுத்தேன், பெண் பார்த்தேன், தொப்பி வாங்க விட்டேன். நீ மூன்று வருஷத்தில் சாவியை மட்டும்தான் திருப்பினாய். நீ என்னைவிட எவ்வளவோ தேவலாம்.

ஆனால் அந்த நான்கு நாளும் ஒவ்வொரு துறையிலும் எனக்குப் பயம்தான். எங்கே அவனைக் காட்டு என்று கேட்டுவிடுவார்களோ, எங்கே அவன் வராமல் போய்விடுவானோ என்று. அவன் ஒவ்வொரு நாளும் புதிதாக வராமல் போனான். உனக்கு மூன்று வருஷமாக அப்படித்தானே இருக்கிறது? ஒவ்வொரு ஞாயிறும் வண்டியை அணைத்துவிட்டு உள்ளே வரும்போது உன் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

தாள் என் கைப்பையில் இருக்கிறது. நான் அதை எடுத்து நீட்ட மாட்டேன். இனி ஒரு தடவைகூடக் கேட்க மாட்டேன். பதினோரு வருஷம் ஆனாலும் ஆகட்டும்.

வேறொன்று கேட்கிறேன், இது மட்டும் செய். நான் 26ஆம் தேதி, புதன்கிழமை, மாலை நாலரைக்கு ஒமாஹாவில் இறங்குகிறேன். பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பாதே. நீ வா. நம் காரில் வராதே. அவன் வண்டியில் வா.

டயரில் காற்று குறைந்திருக்கும், பெட்ரோல் பங்கில் பார்த்துக்கொள். நான் வாசலில்தான் நிற்பேன். மார்வா வாங்கின சிவப்புத் தொப்பியைப் போட்டிருப்பேன். வெயிலில் கம்பளித் தொப்பி போட்ட கிழவி யார் என்று ஊரே பார்க்கட்டும், உனக்குத் தூரத்திலிருந்தே தெரியும். வீடு வரும்வரை இரண்டு பேரும் பேச வேண்டாம். ரேடியோவை அவன் வைத்த இடத்திலேயே விட்டுவிடு. நான் பெருக்காமல் விட்ட தொலி இன்னும் கால்மிதிக்குக் கீழே இருக்கும், அதையும் எடுக்காதே.

கர்த்தர் உன் கூட முன்சீட்டில் உட்கார்ந்து வரட்டும். மெதுவாக ஓட்டு. சீட்டை இழுக்கிற கம்பி இடது பக்கம் கீழே இருக்கிறது, துருப்பிடித்திருக்கும், கொஞ்சம் பலமாக இழு. இழுத்துவிட்டு ஓட்டு லீலண்ட். இல்லாவிட்டால் உனக்குக் கால் எட்டாது.

உன்
வெர்னா